பற்றும் படலமும்

'பற்று' என்ற சொல்லை வகுப்பில் விளக்குவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் வேலை. கணக்கேட்டில் அது வரவுக்கு எதிர்ப்பக்கம். வைத்தியத்தில் வீக்கத்தின்மேல் அரைத்துப் போடும் மருந்து. ஞான நூல்களில் மனிதன் விட்டொழிக்க வேண்டியவற்றுள் முதன்மையானது. சோறு வடித்த பானையின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டியிருப்பதும் பற்றே. வீடுகளில் 'பத்துப் பாத்திரம் தேய்ப்பது' என்கிறோமே, அந்தப் 'பத்து' எண்ணைக் குறிப்பதன்று, பற்றுப் பாத்திரம் என்பதன் மரூஉ. ஒட்டுதல், பிடித்தல், விரும்புதல், விடமுடியாமை ஆகிய நான்கும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. சில ஆண்டுகளாக இந்தப் பட்டியலின் இறுதியில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன்: பாக்டீரியாக்களின் பற்று.

தமிழிலக்கியம் படித்தவனுக்கு நுண்ணுயிரியலில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். என் தந்தையின் உடலில் பொருத்தப்பட்ட ஒரு குழாய்தான் என்னை அந்தத் துறையின் வாசல்வரை இழுத்துச் சென்றது. அதைச் சொல்வதற்குமுன், படித்தறிந்தவற்றைச் சற்று வரிசையாக வைத்துவிடுகிறேன்.

பாக்டீரியா என்றதும் நம் மனத்தில் எழும் சித்திரம், ஒரு துளி நீரில் தனித்தனியே நீந்தித் திரியும் நுண்ணுயிர். பள்ளிப் பாடநூல் நமக்குத் தந்த சித்திரம் அது. உண்மையில் இயற்கையில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் அப்படி வாழ்வதில்லை. அவை ஏதேனும் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரந்த கூழுக்குள் கூட்டமாக வாழ்கின்றன. ஓடைக் கல்லின் வழுக்கல், காலையில் எழுந்ததும் பல்லில் நாவு உணரும் பிசுபிசுப்பு, நாள்பட்ட தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரில் விரலுக்குத் தட்டுப்படும் வழவழப்பு எல்லாம் அந்தக் குடியிருப்புகளே. ஆங்கிலத்தில் பயோஃபிலிம் என்கிறார்கள். தமிழில் உயிரிப்படலம் என்றும் நுண்ணுயிர்ப்படலம் என்றும் வழங்குகிறது. காப்பியத்தின் உட்பிரிவுக்கும் கண்ணை மறைக்கும் நோய்க்கும் வழங்கிய 'படலம்' இதற்கும் பொருந்திவிட்டது.

இதை முதலில் கண்டவர் பேராசிரியர் அல்லர். டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் ஒருவர். ஆண்டனி வான் லீவன்ஹூக் தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லையில் தம் பல்லிடுக்கின் மாவு போன்ற அழுக்கை வைத்துப் பார்த்து, அதில் துள்ளித் திரியும் 'நுண் விலங்குகளை' 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அடுத்த ஆண்டில் அவர் குறித்த மற்றொன்று எனக்கு அதைவிட வியப்பைத் தந்தது. வினிகரால் வாயைக் கொப்பளித்தாலும் அந்த அழுக்கின் வெளிப்புறத்தில் இருப்பவைதான் மடிகின்றன. உள்ளே இருப்பவற்றை வினிகர் எட்டவில்லை. மருத்துவ உலகம் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் முட்டிக்கொண்ட சுவரை அவர் அன்றே தொட்டுவிட்டார்.

இடையில் அறிவியல் வேறு பாதையில் சென்றது. ராபர்ட் கோக், ஒரு நோய்க்குக் காரணமான ஒரு கிருமியை மற்றவற்றிலிருந்து பிரித்தெடுத்துத் தனியாக வளர்க்கும் முறையை 1880களில் நிறுவினார். காசநோயும் காலராவும் அந்த முறையால்தான் பிடிபட்டன. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் ஆய்வகக் குடுவையில் செழித்த உணவில் மிதந்த கிருமியே 'கிருமி' என்று ஒரு நூற்றாண்டு எண்ணப் பழகிவிட்டது. 1933இல் ஆர்தர் ஹென்ரிசி ஏரியில் கண்ணாடிச் சில்லுகளை மூழ்கவைத்து, நீரில் வாழும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை மிதப்பவை அல்ல, பரப்புகளில் ஒட்டி வளர்பவை என்று காட்டினார். 1943இல் கிளாட் சோபெல் கடல்நீரில் அதையே கண்டார். இருவரையும் அதிகம் பேர் கவனிக்கவில்லை. 1970களில் கனடாவின் மலையோடைகளில் கற்களைப் புரட்டிப் பார்த்த வில்லியம் காஸ்டர்ட்டன்தான் இதை ஒரு துறையாக்கினார். ஓடுகின்ற நீரில் இருப்பவற்றைவிடக் கல்லின்மேல் இருப்பவை மிகப் பல மடங்கு என்பது அவர் கண்டது. 2012இல் மறைந்த இவர், 1960களில் பஞ்சாபின் படாலா நகரக் கல்லூரியில் உயிரியல் கற்பித்தவர் என்று அறிந்தபோது, கல்லூரி ஆசிரியன் என்ற முறையில் எனக்கு ஓர் உறவு தோன்றியது.

நம் பொருளிலக்கணம் முதற்பொருள் என்று நிலத்தையும் பொழுதையும் வைத்தது. கருப்பொருளான உயிர் எதுவாயினும் அதை நிலத்திலிருந்து பிரித்துப் பேசுவதில்லை. நிலம் மாறினால் உயிரின் ஒழுக்கம் மாறும் என்ற அந்தப் பார்வைக்குப் பழகியவனுக்கு, காஸ்டர்ட்டன் சொன்னது புதிதாகத் தோன்றாது. கல்லில் ஒட்டிய பாக்டீரியாவும் நீரில் மிதக்கும் பாக்டீரியாவும் ஒரே இனமாயினும், இயங்கும் மரபணுக்களாலும் சுரக்கும் பொருளாலும் வளரும் வேகத்தாலும் வெவ்வேறு வாழ்வு வாழ்பவை.

ஒட்டுதல் எப்படி நிகழ்கிறது? தூய பரப்பு ஒன்று நீரிலோ உமிழ்நீரிலோ குருதியிலோ நனைந்த சில நொடிகளில், அதில் கரைந்துள்ள புரதங்களும் பிறவும் அதன்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடுகின்றன. பாக்டீரியா வந்து சேர்வதற்கு முன்பே பரப்பு பழைய பரப்பாக இல்லை. பின்னர் நீரோட்டத்தில் அடித்துவரப்பட்டோ, தன் வால் போன்ற கசையிழையால் நீந்தியோ ஒரு பாக்டீரியா அருகே வருகிறது. முதலில் ஏற்படுவது தளர்ந்த தொடர்பு; விட்டுப் போகவும் முடியும், பல போய்விடவும் செய்கின்றன. தங்கிவிட்டவை நுண்ணிய மயிர் போன்ற இழைகளால் பரப்பைப் பிடிக்கின்றன. சிறுநீர்த் தொற்றுக்குக் காரணமாகும் ஈ.கோலை பாக்டீரியாவின் இழைநுனியில் ஒரு புரதம் உண்டு. நீரோட்டம் இழுக்க இழுக்க அதன் பிடி தளர்வதற்குப் பதிலாக இறுகுகிறது. உடும்புப்பிடி என்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு இல்லை.

பிடித்ததும் உயிரணுவுக்குள் ஒரு சிறு வேதிச் செய்தி பெருகுகிறது. நீந்தும் வேலை நிற்கிறது. சுரக்கும் வேலை தொடங்குகிறது. சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், மடிந்த அணுக்களிலிருந்து வெளிப்பட்ட டி.என்.ஏ. எல்லாம் கலந்த கூழ் அவற்றைச் சூழ்கிறது. பல படலங்களை உலர்த்தி எடைபோட்டால் பாக்டீரியாவின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. மற்றதெல்லாம் இந்தக் கூழ். அதனூடே நீர் புகுந்து செல்லும் வாய்க்கால்கள் உண்டு. மேலடுக்கில் உள்ளவை ஆக்சிஜன் பெற்று வளர்கின்றன. அடியில் உள்ளவை பட்டினியில் ஏறத்தாழ உறங்குகின்றன. படலம் முதிர்ந்தால் சில அணுக்கள் மீண்டும் நீந்தும் வடிவெடுத்து வேறு பரப்பு தேடிப் போகின்றன.

பரப்புக்குப் பரப்பு இந்தக் குடியேற்றம் வேறுபடுகிறது. வெயில்படும் ஓடைக் கல்லில் பாக்டீரியாக்களுடன் பாசிகளும் சேர்ந்து வாழ்கின்றன. நத்தைகளும் சிறு மீன்களும் மேய்வது அந்த வயலில்தான். பல்லின் கதை வேறு. துலக்கிய சில நிமிடங்களில் உமிழ்நீர்ப் புரதங்கள் எனாமலின்மேல் படிகின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு முதலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகையினர் குடியேறுகின்றனர். பின்னர் வருபவை பல்லைப் பற்றுவதில்லை; முன்னரே குடியேறியவற்றைப் பற்றுகின்றன. நாம் தின்னும் சர்க்கரையைக் கொண்டே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் பசை நெய்கிறது. நாள்பட விட்டால் உமிழ்நீரின் சுண்ணம் அதில் ஏறி இறுகிவிடும். அதற்குப் பற்காரை என்று பெயர். சுவரில் பூசும் காரையிலிருந்து எடுத்துக்கொண்ட பொருத்தமான சொல்.

செம்பின்மேல் நிலைமை நேர்மாறு. செம்பின் அயனிகள் பாக்டீரியாவின் உறையைச் சிதைக்கின்றன. செப்புப் பானையில் இரவு முழுதும் வைத்த நீரில் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் மடிந்துவிடுவதைப் பெங்களூரு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டனர். ஆயினும் இந்த ஆற்றல், உலோகத்தோடு நேரடித் தொடர்பு இருக்கும்வரைதான். புளியிட்டுத் துலக்காமல் உப்பும் அழுக்கும் ஏறவிட்ட செம்பு, செம்பின் நிறத்தை மட்டுமன்றி அந்த ஆற்றலையும் இழக்கத் தொடங்குகிறது.

நிற்க. என் தந்தைக்கு வருகிறேன்.

அவர் திருநெல்வேலிப் பக்கத்தில் நாற்பதாண்டுகள் கொத்தனார் வேலை பார்த்தவர். எழுபத்தெட்டாம் வயதில் புராஸ்டேட் சுரப்பி வீங்கிச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. இதயம் பலவீனமாக இருந்ததால் அறுவை சிகிச்சைக்கு ஒப்பவில்லை. சிறுநீர்ப்பைக்குள் நிலையாக ஒரு குழாய் பொருத்தினார்கள். ரப்பர்க் குழாய், முனையில் நீர் நிரப்பிய சிறு பலூன். அமெரிக்க மருத்துவர் ஃபோலியின் பெயரால் வழங்குவது.

இரண்டாம் மாதத்திலிருந்து குளிர்காய்ச்சல் வந்தது. சிறுநீரை ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற கிருமி என்றும், இன்னின்ன மருந்துகளுக்கு அது கட்டுப்படும் என்றும் அறிக்கை வந்தது. கட்டுப்படும் என்று எழுதியிருந்த மருந்தையே ஊசியாகப் போட்டார்கள். காய்ச்சல் விட்டது. மூன்று வாரத்தில் மீண்டும் வந்தது. மீண்டும் அறிக்கை, அதே கிருமி, இன்னொரு மருந்து. நான்கு மாதத்தில் இது மூன்று முறை நடந்தது. ஒவ்வொரு முறையும் அவர் உடல் ஒரு படி இறங்கியது. மூன்றாம் முறை குழாய் முற்றிலும் அடைத்துக்கொண்டு, வயிறு பானைபோல் இறுகி, இரவு முழுவதும் அவர் துடித்ததை எழுத எனக்கு மனமில்லை. அந்த மருத்துவமனையில் மருந்து மூன்று முறை மாறியது. குழாயை ஒருவரும் மாற்றவில்லை.

விடியற்காலையில் வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். அங்கிருந்த முதிய சிறுநீரக மருத்துவர் முதலில் குழாயை எடுத்தார். எடுத்ததை ஒரு தட்டில் வைத்துக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து காட்டினார். உட்துளை முழுவதும் வெண்சாம்பல் நிறத்தில் மணல்போல் ஏதோ இறுகியிருந்தது.

"சார், உங்களுக்குக் குடுத்த மருந்து நல்ல மருந்துதான். கிருமியும் அதுக்குக் கேக்கிற கிருமிதான். ஆனா மருந்து மூத்திரத்துல மிதக்கிறதத்தான் கொல்லுது. குழாய்க்குள்ள இருக்கிற ஊர அது ஒண்ணும் பண்ணல. குழாய மாத்திட்டு, புதுக் குழாயிலருந்து மூத்திரம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பி, அப்புறம் மருந்து குடுக்கணும்" என்றார்.

அன்று பிளந்து காட்டிய குழாயைத்தான் அடுத்த பல மாதங்கள் நான் படித்தேன் எனலாம். புரோட்டியஸ் கிருமி சிறுநீரின் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. சிறுநீர் காரத்தன்மை அடைகிறது. உடனே அதில் கரைந்திருந்த மக்னீசியமும் கால்சியமும் பாஸ்பேட் படிகங்களாகிப் படலத்தின் கூழில் படிகின்றன. வெந்நீர்ப் பானையின் அடியில் உப்பு ஏறுவதுபோல் குழாய் உள்ளிருந்து கல்லாகிறது. இது அரிதான விபத்துமன்று. குழாய் பொருத்தியவருக்குச் சிறுநீரில் பாக்டீரியா தோன்றும் வாய்ப்பு நாளொன்றுக்கு 3 முதல் 7 விழுக்காடு; ஒரு மாதத்தில் ஏறத்தாழ அனைவருக்கும் வந்துவிடும். காய்ச்சலோ பிற அறிகுறியோ இல்லாதவரை அதற்கு மருந்து பொதுவாகத் தேவையில்லை என்பதும், தொற்று தோன்றும்போது குழாய் இரண்டு வாரத்துக்கு மேற்பட்டதாயின் முதலில் அதை மாற்றவேண்டும் என்பதும் 2010இல் வெளியான அமெரிக்க வழிகாட்டு நெறியில் இருக்கிறது.

அறிக்கை பொய் சொல்லவில்லை. அது கேட்ட கேள்வி வேறு. ஆய்வகம் கிருமியைக் குழாயிலிருந்து பிரித்து, புதிய உணவில் செழித்து வளரவிட்டு, இந்த மருந்துக்கு மடிகிறாயா என்று கேட்டது. மடிகிறேன் என்று அது உண்மையே சொன்னது. அதே கிருமி படலத்துக்குள் இருக்கும்போது நூறு மடங்கு, சில வேளைகளில் ஆயிரம் மடங்கு மருந்தையும் தாங்கும். சில மருந்துகளைக் கூழே தடுத்து வைத்துக்கொள்கிறது. அடியில் உறங்கும் அணுக்களோ வளர்வதே இல்லை. வளரும் உயிரைத் தாக்குவதற்கென்றே அமைந்த மருந்து அவற்றை என்ன செய்யும்? மருந்து நின்றதும் அவை எழுந்து படலத்தை மீண்டும் கட்டுகின்றன. லீவன்ஹூக்கின் வினிகர் எட்டாத இடம் இதுதான்.

காய்ச்சல் தணிந்த ஒரு மாலையில் இவற்றையெல்லாம் அப்பாவுக்குச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர் தம் தொழிலிலிருந்து ஒரு கேள்வி போட்டார்.

"ஏல, பழைய சுவரக் கொத்திவிடாம பூசினா பூச்சு நிக்காதுல்லா? வழவழன்னு இருந்தா கலவை வழிஞ்சிரும். அப்பம் குழாய வழவழன்னு பண்ண வேண்டியதுதான, ஏன் பண்ணல?"

இதே கேள்வியைத்தான் பொருளறிவியல் அறிஞர்கள் ஐம்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். சொரசொரப்பான பரப்பில் பாக்டீரியா எளிதில் தங்கும் என்பது உண்மை. பள்ளத்தில் ஒதுங்கியதை நீரோட்டம் அடித்துச் செல்வதில்லை. ஆனால் பல் மருத்துவத்தில் செய்த ஆய்வுகள், ஏறத்தாழ 0.2 மைக்ரோமீட்டருக்குக் கீழே எவ்வளவு மழமழப்பாக்கினாலும் மேலும் பயனில்லை என்று காட்டின. பாக்டீரியாவின் அளவே ஒரு மைக்ரோமீட்டர் அளவில்தான். அதற்குமேல் நுண்மை அதற்குப் பொருட்டன்று. தாமரையிலையில் தண்ணீர் ஒட்டாமையை நாம் பற்றற்றவனுக்கு உவமை சொல்லி வந்தோம். அந்த இலையின் நுண்மேடுகளும் மெழுகும் அழுக்கை எப்படி உதறுகின்றன என்று 1997இல் ஜெர்மானியத் தாவரவியலார் பார்ட்லாட்டும் நைன்ஹுயிஸும் விளக்கினர். ஆனால் மேடுகளுக்கிடையே காற்று சிறைப்பட்டிருக்கும்வரைதான் அது தாமரை; நாட்கணக்கில் நீருக்குள் மூழ்கினால் அந்தக் காற்று கரைந்துவிடும். அமெரிக்கக் கடற்படைக் கப்பல்களின் அடிப்புறத்தில் பாசி ஏறாதிருக்க வழி தேடிய அந்தோணி பிரென்னன், சுறாவின் தோலில் உள்ள வரிகளைப் பார்த்து அதேபோன்ற நுண்வரிகள் கொண்ட பரப்பை உருவாக்கினார். அது குடியேற்றத்தைத் தாமதப்படுத்துகிறது. வெள்ளிக்கலவை பூசிய குழாய்களும் வந்தன. பிரிட்டனில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வு, குறுகிய காலம் குழாய் வைத்திருந்தவர்களிடம்கூட வெள்ளியால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை என்று கண்டது.

ஏன் என்பதற்கு ஒரு காரணம் முன்பே சொன்ன முதற்பூச்சு. பரப்பு எதுவாயினும் உடலின் புரதங்கள் முதலில் அதைப் போர்த்திவிடுகின்றன; பாக்டீரியா பற்றுவது அந்தப் போர்வையை. இதைச் சொன்னதும் அப்பா சிரித்துவிட்டார். "சிமெண்டுப் பால் அடிச்சுட்டுப் பூசுத மாதிரி. அப்பம் எந்தச் சுவர்னாலும் நிக்கும்." அதைவிடத் தெளிவாக அதை எந்தக் கட்டுரையிலும் நான் படிக்கவில்லை.

அதன்பின் மாதத்துக்கு ஒருமுறை குழாயை மாற்றினோம். நிறையத் தண்ணீர் குடித்தார். காய்ச்சல் ஒரே ஒருமுறைதான் வந்தது. குழாயை மாற்றி, ஐந்து நாள் மருந்தில் தீர்ந்தது. ஒன்றரை ஆண்டு கழித்து இதயம் நின்று உறக்கத்தில் போனார். அந்த ஒன்றரை ஆண்டில் பேரனுக்குக் கல்யாணம் நடந்தது, முற்றத்துத் திண்ணையை ஆள்வைத்து அவர் மேற்பார்வையில் இடித்துக் கட்டினோம்.

படலத்தைப் பகையென்று மட்டும் எண்ணிவிடலாகாது. லண்டனில் 1829இல் ஜேம்ஸ் சிம்ப்சன் அமைத்த மணல் வடிகட்டி தேம்ஸ் நீரைத் தூய்மையாக்கியபோது, மணல் அழுக்கைச் சலிக்கிறது என்றே நினைத்தார்கள். உண்மையில் மணலின் மேலடுக்கில் சில வாரங்களில் படரும் உயிரிப்படலம்தான் கிருமிகளைப் பிடித்து உண்கிறது. புதுமணல் அந்த வேலையைச் செய்வதில்லை. கழிவுநீர் சுத்திகரிப்பில் கற்படுகைமேல் நீரைத் தெளிப்பதும் இதே படலத்தை நம்பித்தான். ஒரே வாழ்முறை, ஆற்று மணலில் நமக்குக் குடிநீர் தருகிறது, ரப்பர்க் குழாயில் காய்ச்சல் தருகிறது. பாக்டீரியாவுக்கு இரண்டும் நிலமே. அந்த நிலத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது.

ஆகவே இதைப் படிப்பவர் வீட்டில் ஒருவருக்கு அத்தகைய குழாய் இருக்குமானால், சொல்ல எனக்கு ஒன்றே உண்டு. எந்தப் பரப்பும் நெடுநாள் வெறும் பரப்பாக இராது. எனவே அந்தப் பரப்பு உடலுக்குள் எத்தனை நாள் இருக்கிறது என்பதே முதற்கேள்வி. காய்ச்சல் வந்தால் எந்த மருந்து என்று கேட்பதற்கு முன், குழாய் மாற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று கேளுங்கள். காய்ச்சல் இல்லாத நாளிலும், மருத்துவர் பார்வையிட வரும்போதெல்லாம், இந்தக் குழாய் இவருக்கு இன்னும் தேவைதானா என்று தயங்காமல் கேளுங்கள்.